ஊர்வலம் முடிந்த பிறகு என்ன? போதைத் தடுப்பு: வாசகர் கேள்வி – பதில்

தெருவிலும் பள்ளியிலும் வீட்டிலும் பிள்ளைகளைப் போதையிலிருந்து எப்படிக் காப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, பகுதியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

எங்கள் நற்பணி மன்றம் வருடா வருடம் ஜூன் 26 அன்று போதை ஒழிப்பு ஊர்வலம் நடத்துகிறது. பேனர், டி-ஷர்ட், மைக் செட், மதியச் சாப்பாடு என்று கையிருப்பு மொத்தமும் அன்றைக்கே காலி. ஆனால் பிளாக் மொட்டை மாடியில் பையன்கள் கூடுவது குறையவில்லை. எதை மாற்ற வேண்டும்?
– மன்றச் செயலாளர், புளியந்தோப்பு

ஊர்வலத்தை நிறுத்தினால் நஷ்டம் ஒன்றுமில்லை. அந்தப் பணத்தை 12 மாதத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளி 4 மணி வாக்கில் விடுகிறது. வேலைக்குப் போன அம்மா வீடு திரும்ப 7, 8 ஆகிவிடுகிறது. இந்த இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறான் என்பதுதான் உங்கள் மன்றம் கை வைக்க வேண்டிய இடம். ஒரு நாள் கோஷம் அந்த நேரத்தைத் தொடுவதே இல்லை.

முதலில் 8 முதல் 10 பேர் கொண்ட குழு அமையுங்கள். மன்றத்து இளைஞர்கள் மட்டும் போதாது. அங்கன்வாடி ஊழியர், மகளிர் சுய உதவிக் குழுவில் ஒருவர், அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஒருவர், ஆட்டோ ஸ்டாண்டிலோ டீக்கடையிலோ உட்கார்ந்து தெருவை நாள் முழுக்கப் பார்ப்பவர் ஒருவர், 16, 17 வயதில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் கட்டாயம் வேண்டும். கட்சிக்காரர்கள் இருக்கலாம், தலைமை மட்டும் அவர்களிடம் வேண்டாம். தேர்தல் வந்தால் குழு இரண்டாகிவிடும்.

முதல் மாதம் யாருக்கும் அறிவுரை சொல்லாதீர்கள். ஒரு பெரிய சார்ட் பேப்பரில் உங்கள் பகுதியை வரையுங்கள்: மொட்டை மாடி, பல்பு எரியாத மாடிப்படி, பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடம், பெட்டிக்கடை, மெடிக்கல் ஷாப், திடல், டியூஷன் நடக்கும் வீடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே 4–6, 6–8, 8–10 என மூன்று கட்டம் போட்டு, அந்த நேரத்தில் எந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கூடப் பெரியவர் உண்டா என்று குறியுங்கள். ஆள் பெயரை மட்டும் எழுதவே கூடாது. பெயர் எழுதிய தாள் வாட்ஸ்அப்பில் ஒரு முறை சுற்றிவிட்டால் அதன் பிறகு எந்தப் பையனும் உங்களிடம் வாய் திறக்க மாட்டான்.

கூடவே, 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் இருக்கும் 30 வீடுகளில் நான்கு கேள்வி கேளுங்கள். நேற்று மாலை 6 மணிக்குப் பிள்ளை எங்கே இருந்தது? அதன் நெருங்கிய நண்பர்களின் அம்மா அப்பாவைத் தெரியுமா? வாரத்தில் எத்தனை நாள் சேர்ந்து சாப்பிடுகிறீர்கள்? போன மாதம் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை? போதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. போதைக்கு முன்னால் எது அவிழ்கிறது என்பது இந்த நான்கில் தெரிந்துவிடும்.

கிடைத்ததில் இரண்டு காரணங்களை மட்டும் எடுங்கள். ஆளில்லாத மாலையும் பூட்டிய கூடமும் என்று வைத்துக்கொள்வோம். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கவுன்சிலரிடமும் ஏரியா சபையிலும் கேட்டுச் சாவியை வாங்குங்கள். வாரம் 5 நாள், மாலை 4.30 முதல் 7.30 வரை கூடம் திறந்திருக்கட்டும். எந்நேரமும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒரே ஒருவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் நிலை வரவே கூடாது. இரண்டு கேரம் போர்டு, வீட்டுப்பாடம் எழுத ஒரு மேசை, குடிதண்ணீர், தாழ்ப்பாள் சரியாக விழும் கழிவறை, ஒரு சுண்டல். 30 பிள்ளைகளுக்கு ஒன்றரைக் கிலோ காய்ந்த கொண்டைக்கடலை ஊறவைத்தால் சரியாக இருக்கும். கழிவறை சரியில்லை என்றால் இரண்டே வாரத்தில் பெண் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சம்பளமில்லாத ஆர்வம் மூன்றாம் மாதத்தில் களைத்துவிடும். எனவே ஒருவருக்காவது மாதாமாதம் சிறு தொகை கொடுங்கள்; ஊர்வலப் பணம் அதற்குத்தான். அடுத்து, 20 வயது அண்ணன்கள் மெல்ல வந்து கேரம் போர்டைப் பிடித்துக்கொள்வார்கள், சின்னவர்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள், பிறகு அவர்களுக்குப் பீடி வாங்கிவரப் போவார்கள். அந்த அண்ணன்களுக்கு 8 மணிக்குமேல் தனி நேரம் கொடுங்கள். மூன்றாவது, மே மாதம் கூடத்தைப் பூட்டிவிடுவது. விடுமுறையில்தான் பிள்ளைக்கு நாள் முழுக்கக் காலி. அப்போது காலையிலும் சேர்த்துத் திறக்க வேண்டும்.

இப்படி நேரத்தையும் இடத்தையும் கவனித்து வென்ற நாடு ஐஸ்லாந்து. அங்கே 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையானவர்கள் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் 5 சதவீதம். பிள்ளைகளிடம் தவறாமல் கருத்துக்கணிப்பு, இரவில் எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று பெற்றோர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு, விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு உள்ளாட்சியின் பணம். பல ஆண்டு இடைவிடாமல் செய்தார்கள். அந்த நாட்டின் வசதி நமக்கில்லை. ஆனால் பெற்றோர் உடன்பாட்டுக்குப் பணம் வேண்டாம்.

ஒரு வருடம் கழித்து அதே 30 வீட்டில் அதே நான்கு கேள்வியைக் கேளுங்கள். இனி அந்த மொட்டை மாடி: பூட்டுப் போட்டால் பையன்கள் தண்டவாளப் பக்கம் போவார்கள், அது இன்னும் ஆபத்து. அவர்கள் மரியாதை வைத்திருக்கும் ஒரே ஒரு ஆளை அனுப்புங்கள். முதல் நான்கைந்து தடவை போதையைப் பற்றிப் பேசாமல் வேலை, படிப்பு பற்றி மட்டும் பேசட்டும்.

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, போதையிலிருந்து மீண்ட ஒருவரை அழைத்துப் பேச வைக்கலாமா? பாதிக்கப்பட்ட நுரையீரல் படங்கள் காட்டினால் பயப்படுவார்கள் அல்லவா?
– ஆசிரியை, வியாசர்பாடி

இரண்டும் வேண்டாம். ஐ.நா.வின் போதைப்பொருள் பிரிவு 2013-ல் வெளியிட்டு, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2018-ல் புதுப்பித்த தடுப்பு வழிகாட்டி நெறிகள், பயமுறுத்துவதையும் மீண்டவர்களின் வாக்குமூலத்தையும் பலனில்லாத பட்டியலில்தான் வைக்கின்றன. 13 வயதுப் பிள்ளை அந்தப் பேச்சிலிருந்து எடுத்துக்கொள்வது, 'இவ்வளவும் செய்துவிட்டு இந்த அண்ணன் நன்றாகத்தானே மேடையில் நிற்கிறார்' என்பதை. மீண்டவர்களின் அனுபவம் சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பெரிய பலம். அதை அங்கே பயன்படுத்துவோம்.

பதிலாக வாரம் ஒரு பீரியட், 12 வாரம், ஒரு வகுப்புக்கு மட்டும் நடத்துங்கள். 300 பேரை ஹாலில் உட்கார வைத்தால் அது மறுபடியும் பேச்சாகிவிடும். கோபத்தை எப்படி அடக்குவது, நண்பன் கட்டாயப்படுத்தும்போது எப்படி நழுவுவது, தோல்வி அடைந்த நாளில் யாரிடம் போவது என்பவைதான் பாடம். போதைப்பொருளின் பெயர்களையும் எடுக்கும் முறையையும் பலகையில் எழுதினால் தெரியாத பிள்ளைக்கும் நாம் சொல்லிக்கொடுத்தவர்களாவோம்.

நன்றாக வேலை செய்யும் ஒரு பயிற்சி உண்டு. ஒரே மாதிரித் துண்டுச்சீட்டில் இரண்டு வரி. 'நம் வகுப்பில் போன மாதம் சிகரெட், ஹான்ஸ், கூல் லிப் எதையாவது தொட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?' 'நீ தொட்டாயா?' (ஹான்ஸ், கூல் லிப் இரண்டும் வாயில் அடக்கும் புகையிலை.) முதலாவதற்கு எண், இரண்டாவதற்கு டிக் மட்டும். பெயரோ எழுத்தோ வேண்டாம். பெரும்பாலும் ஊகம் நிஜத்தைவிட மிக அதிகமாக இருக்கும். 'எல்லாரும்தானே செய்றாங்க' என்ற எண்ணம் அங்கே உடையும். ஆனால் சீட்டுகளை வகுப்பில் பிரிக்காதீர்கள். வீட்டில் எண்ணிப் பாருங்கள். நிஜ எண்ணிக்கையே அதிகமாக இருந்தால் அதை வகுப்பில் சொல்வது எதிர்விளைவைத் தரும்; அந்த வாரம் வேறு பாடம் எடுத்துக்கொண்டு, தலைமை ஆசிரியரோடு தனியாகப் பேசுங்கள்.

மறுக்கும் பயிற்சியில் 'இன்னாடா, ஒரு இழுப்புதான?' என்று நீட்டுகிற வேடத்தை நீங்களே போடுங்கள். மாணவனுக்குக் கொடுத்தால் வகுப்பிலேயே வாய்ச்சாலக்காரன்தான் அதை வாங்குவான், அவன்தான் ஜெயிப்பான், அவனுக்கு அது பயிற்சியாகிவிடும். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று, தன் வாயால், தன் பேச்சில் இரண்டு முறையாவது மறுக்க வேண்டும்: 'வேணாம் மச்சி, கோச்சுக்குத் தெரிஞ்சா டீமை விட்டுத் தூக்கிடுவாரு.'

இன்னொன்று. பிடிபட்ட பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பாதீர்கள். பள்ளியோடு இருக்கும் பிணைப்பே அவனுக்குப் பாதுகாப்பு. டி.சி. அவனுடைய முழு நாளையும் தெருவுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகன் பையில் பாதி காலியான மாத்திரை அட்டையும் ஒரு ஊசியும் இருந்தன. அவங்க அப்பாவுக்குத் தெரிந்தால் அடித்தே கொன்றுவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமா?
– ஒரு தாய், கண்ணகி நகர்

அம்மா, போலீஸ் பயத்தை இறக்கி வையுங்கள். சிகிச்சை கேட்டு வரும் பிள்ளைக்குச் சிகிச்சை கொடுப்பதுதான் மருத்துவரின் வேலை. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும், பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தரும் 64ஏ பிரிவு இருக்கிறது. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பின்னால் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயர் டாக்டருக்கு வேண்டும். சென்னையில் பையன்கள் கையில் சிக்குவது பெரும்பாலும் டபென்டடால் என்ற வலி மாத்திரை. நைட்ரசெபாம் என்ற தூக்க மாத்திரையும் உண்டு. வாயால் விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் கரையாத மாவுப் பொருள் கலந்திருக்கும். பொடித்துத் தண்ணீரில் கலந்து ஏற்றும்போது அது ரத்தக் குழாயை அடைக்கும், கை வீங்கும், சீழ் கட்டும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் வரலாம். எச்.ஐ.வி. பரிசோதனையை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகவும் ரகசியமாகவும் செய்வார்கள்.

அவன் மயக்கத்தில் இருக்கும்போது பேசாதீர்கள். காலையில், சாப்பிட்ட பிறகு, தங்கை தம்பி இல்லாத நேரத்தில், 'இது உன் பையில இருந்துச்சு. நான் அடிக்கப் போறதில்ல. எத்தனை நாளா, வாயாலயா ஊசியா, கடைசியா எப்போ, இது மூணும் மட்டும் சொல்லு' என்று கேளுங்கள். 'யார் கொடுத்தது?' என்பதை முதல் நாள் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அப்பாவிடம் நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம். அவர் மதிக்கும் தாய்மாமனோ பெரியவரோ கூட இருக்கும்போது, டாக்டரைப் பார்க்கும் நாளையும் முடிவு செய்துகொண்டு சொல்லுங்கள்.

அறையில் போட்டுப் பூட்டி நிறுத்தப் பார்க்காதீர்கள். வலி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கொட்டாவி, மூக்கு ஒழுகல், உடல் முறுக்கு, வயிற்றுப்போக்கு என்று இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். தாங்க முடியாமல் தப்பித்து ஓடுவான். தூக்க மாத்திரையையோ அதிகக் குடியையோ திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. போவதற்கு முன் பேச 14446, போதை மீட்புக்கான கட்டணமில்லா தேசிய உதவி எண்.

எழுப்பினாலும் எழாத தூக்கம், குறட்டை போலக் கரகரக்கும் மூச்சு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, மோர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். இந்த வலி மாத்திரைகளுக்கு நலாக்சோன் என்ற முறிவு மருந்து உண்டு. என்ன எடுத்தான் என்று மறைக்காமல் சொன்னால் அதைத் தாமதமில்லாமல் கொடுக்க முடியும்.

பள்ளி வாசலுக்கு எதிரிலேயே கூல் லிப் விற்கிறார்கள். புகார் கொடுத்தால் என் பிள்ளைக்கு ஆபத்து வருமோ என்று பயம்.
– தண்டையார்பேட்டை வாசகி

நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு காவல் நிலையத்துக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்புங்கள். மெல்லும் புகையிலைக்குத் தமிழகத்தில் 2013 முதல் தடை இருக்கிறது. சிகரெட்டானாலும் கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது. குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்தப் பிரிவைப் புகாரில் எழுதுங்கள்.

புகாரில் தேதி, நேரம், எந்த இடைவேளையில் விற்பனை, எங்கே மறைத்து வைக்கிறார்கள் என்பது இருந்தால் போதும். சீருடைப் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். சாட்சிக்காக ஒரு பிள்ளையைக் காசு கொடுத்து வாங்கிவர அனுப்பவே கூடாது. கஞ்சா, மாத்திரை விற்பவர் என்றால் நேரில் போய்ச் சண்டை போடாமல் போதைப்பொருள் புகார் எண் 10581-க்குச் சொல்லுங்கள். சீட்டில்லாமல் மாத்திரை கொடுக்கும் மெடிக்கல் ஷாப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத வேண்டும்.

ரயில்வே லைன் ஓரம் 11, 12 வயதுப் பிள்ளைகள் பஞ்சர் சொல்யூஷனைத் துணியில் ஊற்றி முகர்கிறார்கள். நாங்கள் விரட்டினால் ஓடுகிறார்கள், மறுநாள் வருகிறார்கள்.
– கொருக்குப்பேட்டை வாசகர்

தயவுசெய்து விரட்டாதீர்கள். சொல்யூஷன், தின்னர், ஒயிட்னர் ஆவி உள்ளே இருக்கும்போது இதயம் எளிதில் தாளம் தவறும் நிலையில் இருக்கும். அந்த நேரம் அதிர்ச்சியும் ஓட்டமும் சேர்ந்தால், முதல் தடவை முகர்ந்த பிள்ளைகூட அங்கேயே விழுந்து இறந்துபோகலாம். பக்கத்தில் போய் மெதுவாகப் பேசி, துணியை வாங்கி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். அரை மணி நேரம் கூட இருங்கள். அருகில் தீக்குச்சி, பீடி வேண்டாம்.

2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இந்த முகரும் வகைதான்: 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. காரணம், விலை குறைவு, கேட்டால் கிடைக்கும். பஞ்சர் கடைக்காரர்களிடமும் ஸ்டேஷனரி கடைக்காரர்களிடமும் நேரில் போய், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேளுங்கள், பலர் கேட்பார்கள். பிள்ளைகள் பள்ளியில் பெயர் இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்று பார்த்து, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். இந்த வயதில் முகரும் பிள்ளைக்குப் பின்னால் பெரும்பாலும் பசியோ வீட்டில் அடியோ இருக்கும். அது தீராமல் இது தீராது.

மகனுக்குத் தெரியாமல் சிறுநீர்ப் பரிசோதனை கிட் வாங்கிப் பார்க்கலாமா?
– ஒரு தந்தை, அண்ணா நகர்

வேண்டாம். அபின் வகையைக் கண்டுபிடிக்கும் சாதாரண ஓபியேட் கிட், டபென்டடால் வலி மாத்திரையைக் காட்டாது; 'இல்லை' என்று வந்தால் பொய் நிம்மதி. கஞ்சாவோ விட்டுப் பல நாள் ஆன பிறகும் காட்டும். நிறுத்திவிட்டவனைப் பொய்யன் என்பீர்கள். சந்தேகம் இருந்தால் நேராகக் கேளுங்கள். பரிசோதனை தேவையா என்பதை டாக்டர் அவனிடம் சொல்லியே முடிவு செய்யட்டும்.

கால்பந்து பயிற்சி தருகிறேன். கஞ்சா பழகிய ஆறேழு பையன்களைத் தனி டீமாகச் சேர்த்துக் கூடுதல் கவனம் கொடுக்கலாம் என்று யோசனை.
– பயிற்சியாளர், வியாசர்பாடி

அக்கறை புரிகிறது, ஆனால் தனி டீம் வேண்டாம். பழகியவர்களை மட்டும் ஓரிடத்தில் சேர்த்தால் ஒருவருக்கொருவர் பேச்சும் சிரிப்பும் அதைச் சுற்றியே இருக்கும், பழக்கம் கூடும். ஒவ்வொரு டீமிலும் ஒருவர், மிஞ்சினால் இருவர் என்று பிரித்துப் போடுங்கள். போதையில் வந்தவனை அன்று களத்தில் இறக்காதீர்கள். ஓரமாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பெரியவர் ஒருவர் துணையோடு வீட்டுக்கு அனுப்புங்கள். மறுநாள் அவனுக்கு டீமில் இடம் இருக்க வேண்டும்.

விளையாட்டு தானாகக் காப்பாற்றிவிடாது. டோர்னமென்ட் ஜெயித்த இரவு சீனியர்கள் பீர் வாங்கித் தரும் வழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு முதல் மடக்கு அங்கேதான். பரிசுப் பணம் பையன்கள் கையில் நேராகப் போகாமல் பூட்ஸுக்கும் பந்துக்கும் போகட்டும், கோப்பை வந்த இரவு பிரியாணியோடு பயிற்சியாளரும் உட்காரட்டும்.

தம்பி தனியார் மையத்தில் இருந்து அடுத்த வாரம் வருகிறான். அங்கே கட்டிவைத்து அடித்தார்கள் என்கிறான். இனி வீட்டில் எப்படி நடந்துகொள்வது?
– அக்கா, பெரும்பாக்கம்

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது குற்றம். இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தம்பிக்கு 18 நிரம்பவில்லை என்றால் பெரியவர்களோடு சேர்த்து அடைத்திருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் உடனிருக்க அனுமதித்திருக்க வேண்டும். எழுத்தில் புகார் கொடுங்கள். அவன் சொல்வதை நம்புங்கள். நம்பாவிட்டால் அடுத்த சிகிச்சைக்கு வரமாட்டான்.

வந்த முதல் சில வாரம்தான் உயிருக்கு ஆபத்தான காலம். உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய நினைப்பில் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். இதை அவனிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள், மிரட்டலாக இல்லாமல் தகவலாக. கையில் மொத்தமாகப் பணம் கொடுக்காதீர்கள். புது சிம் வாங்கிக் கொடுங்கள், பழைய செட்டு கூடும் முனையைத் தவிர்த்து வேறு வழியாக வேலைக்குப் போகட்டும். தெருக்காரர்களிடம் 'மஞ்சள் காமாலை' என்று கதை கட்ட வேண்டாம். 'உடம்பு சரியில்லாம இருந்தான், இப்போ வேலைக்குப் போறான்' என்பது போதும். மறுபடி ஒரு தடவை எடுத்துவிட்டான் என்றால் எல்லாம் போயிற்று என்று கைவிடாமல் அதே வாரம் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வந்த மூன்றாம் நாளுக்குள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் புற நோயாளிச் சீட்டுப் போட்டு, அடுத்த தேதிக்குக் கூடப் போகும் ஆள் யார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.